கிரீச்

ஆயர் ஈத்தாமில் ஒரு பள்ளி மண்டபம்.
தாள் திருத்தும் மூன்றாம் நாள்.
குளிர்சாதனம் பழுது. மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு பாரம் வைத்திருக்கிறோம்:
செசிலியா தன் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை,
நான் பாதி தின்ற கொய்யாவை.

படிவம் ஐந்து. மறக்க முடியாத ஒரு நாள்.
நாற்பத்தொரு தாள்கள்.
பெயர் இல்லை, எண் மட்டும்.

முதல் தாளில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்.
அம்மா சந்தையிலிருந்து திரும்பினார்.
‘கிரீச்!’ என்றது ஒரு மகிழுந்து.
இரத்த வெள்ளம்.
இடியோசை கேட்ட நாகம்போல் மகன் நடுங்கினான்.
தேடினாலும் பிழை இல்லை. பதினெட்டு கொடுத்தேன்.

நான்காம் தாளிலும் கதிரவன்
அதே கரங்களை நீட்டியபோது
பேனாவைக் கீழே வைத்தேன்.
மதியத்துக்குள் அந்தத் தாய்
ஆறு முறை செத்திருந்தாள்.
ஆறு முறையும் செவ்வாய்க்கிழமை,
ஆறு முறையும் கையில் கத்தரிக்காய்ப் பை.

“யாரு வித்த சரக்கோ” என்று சிரித்தாள் செசிலியா.
நான் சிரிக்கவில்லை.
கத்தரிக்காய் என்னுடையது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஜெலுத்தோங்கில்,
சாயக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் மையம்.
மாதிரிக் கட்டுரை ஒன்றுக்கு அறுபது வெள்ளி.
காருக்கு இரண்டு மாதத் தவணை பாக்கி.
ஒரே இரவில் ஐந்து எழுதினேன்.
விபத்துக்கு ஆள் வேண்டும்;
அப்பா என்றால் அழுகை குறையும் என்றார் முதலாளி.
கையில் என்ன கொடுப்பது என்று யோசித்தபோது
என் அடுப்பில் கத்தரிக்காய் வெந்துகொண்டிருந்தது.
செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஏழாவதாக வந்தது முப்பத்தைந்தாம் தாள்.
வலப்பக்கம் சாய்ந்து ஓடும் கையெழுத்து.
வாழை எல்லாம் வாளை.
கதிரவன், சந்தை, பை, கிரீச்.
‘அம்மா அவ்விடத்திலேயே உயிர் நீத்தார்’
என்று எழுதி, அதைத் தாள் கிழியுமளவு அடித்து,
மேலே சின்ன எழுத்தில்:
‘அம்மாவுக்கு ஒன்னும் ஆகலே.
கத்தரிக்கா மட்டும் நசுங்கிருச்சி.’

பிறகு கதைக்குப் போக இடமில்லை.
மனப்பாடம் செய்த இறுதிச் சடங்கு
மூன்று பத்தி கையில் இருக்கிறது,
பிணம் இல்லை.
எட்டே வரி. ரோட்டில் உருண்ட காய்களை
இரண்டு பேரும் பொறுக்குகிறார்கள்.
லாரி போகக் காத்திருந்து ஒன்று,
மறுபடி காத்திருந்து ஒன்று.
பஸ் போய்விட்டது. அம்மா திட்டுகிறார்.
அப்போது மணி அடித்திருக்க வேண்டும்,
முற்றுப்புள்ளி இல்லை.

மதிப்பெண் திட்டத்தை இரண்டு முறை புரட்டினேன்.
மனனத்துக்கு இவ்வளவு கழிவு,
பேச்சுவழக்குக்கு இவ்வளவு,
சொல்லெண்ணிக்கை குறைந்தால் இவ்வளவு.
பாதி தூரம் இரவல் செருப்பில் வந்து
பிறகு வெறுங்காலில் நடந்த பிள்ளைக்குக்
கட்டம் இல்லை.
திட்டப்படி ஒன்பது. போட்டேன்.
பத்தாக்கக் கை போனது.
அந்தப் பதினெட்டு நினைவுக்கு வர,
முதலில் அதைத் திருத்தப் போனேன்.

நாகேந்திரன் சார் ஏழையும் விரித்துப் போட்டார்.
“அப்பட்டமான காப்பி. இதுல மட்டும் ஏன் ஓரத்துல கோடு?”
“நல்ல இடம் சார்.”
“கருத்தா, மொழிநடையா?”
“அம்மாவச் சாகடிக்க மனசு வரல சார், இந்தப் பிள்ளைக்கு.”
“அது எதுல சேரும்?”
கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டார்.

அறிக்கைப் படிவத்தை நீட்டினார்.
தேர்வெண்கள். ஒத்துப்போகும் பத்திகள்.
கடைசியில்: மூலம், தெரிந்தால்.
எப்போதும் காலியாகவே போகும் கட்டம்.

கொய்யாவை நகர்த்தினேன்.
தாள்கள் எழும்பப் பார்த்தன,
செசிலியா உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்,
நான் எழுதுவதைப் பார்த்தபடி.
என் பெயரில் ஒரு ழகரம் உண்டு.
பிழையில்லாமல் எழுதினேன்.